பங்குப் பணமா, சங்க உரிமையா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வருவாய்ப் பங்கு, அதாவது விளையாட்டில் கல்லூரி ஈட்டும் பணத்தில் ஒரு பகுதி. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். பணம் கைக்கு வரும். யாருக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்யும்.

மற்றது, ஊழியர் தகுதியும் தொழிற்சங்கமும். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல. தலைக்காயத்திலிருந்து பாதுகாப்பு, படிப்பு முடிந்த பிறகும் மருத்துவச் செலவு. போட்டிக் காலத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் உழைத்தவர்களை ஊழியர்கள் என்றே அமெரிக்க அரசின் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல அதிகாரி தீர்ப்பளித்தார். மறு ஆண்டே வாரியம் இதில் தலையிட மறுத்துக் கைகழுவியது. 2024இல் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ஆண்டின் கடைசி நாளில், வாரியத்திடம் கொடுத்திருந்த மனுவைச் சங்கமே திரும்பப் பெற்றது.

சம்பளச் சுமையால் நீச்சல், மல்யுத்தம் போன்ற வருவாயில்லாத அணிகள் மூடப்படலாம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் என் தேர்வு சங்கம்தான். முழங்கால் முறிந்தவருக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடைக்காமல் போனால், பங்குப் பணத்தில் கேள்வி கேட்க ஆளில்லை.