ஏலகிரியா, ஏற்காடா: சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு எது தோது?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து அவ்வளவு தூரம் போய்வர எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமையும் இல்லை. அதனால் கோடையில் மலை என்றால் எங்களுக்கு ஏலகிரி, இல்லாவிட்டால் ஏற்காடு. இரண்டிலும் காட்டேஜ் எடுத்து நாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்கியிருக்கிறோம். இந்த வருஷம் ஏலகிரிக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று, ஆகவே நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுற்றிப் பார்க்க ஏற்காடுதான், அதில் பேச்சே இல்லை. ஏரி, காப்பித் தோட்டம், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று பொழுது போய்விடும். ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் படகு விட்டு, தெம்பு இருந்தால் சுவாமிமலை ஏறி இறங்கினால் பெரும்பாலும் முடிந்தது. குளிரும் ஏற்காட்டில்தான் அதிகம்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏலகிரி 1,100 மீட்டர் அளவுதான். மே மாதப் பகலில் ஏலகிரியில் ஃபேன் இல்லாமல் முடியாது.

தூரம் என்று பார்த்தால் பர்கூர், நாட்றம்பள்ளி வழியாக ஏலகிரி பக்கம். ஏற்காடு அதைப்போல் இருமடங்கு, நடுவில் தொப்பூர் கணவாய் வேறு. கொண்டை ஊசி வளைவு ஏற்காட்டில் 20, ஏலகிரியில் 14. ஏலகிரி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதால் பிள்ளைகள் பலகையை வாசித்துக்கொண்டே வாந்தியை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இனி அடுப்படிக்கு வருவோம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். 'கிச்சன் உண்டு' என்று போட்டிருப்பார்கள், போய்ப் பார்த்தால் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு கெட்டில், கைப்பிடி ஆடும் இரண்டு பாத்திரம். ஏற்காட்டில் நாங்கள் தங்கிய வீட்டில் இதே கதைதான். மழையில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் லைட் எரிந்தது, அடுப்பு எரியவில்லை, ராத்திரி பிரெட்டும் வாழைப்பழமும். கரண்ட் இருந்தாலும் அதில் களி கிண்ட முடியுமா? ராகிக் களிக்குக் கனமான பாத்திரம் வேண்டும், துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்ட வேண்டும், அந்த அழுத்தத்துக்கு இண்டக்‌ஷனின் கண்ணாடி தாங்குமா என்ற பயத்திலேயே கட்டி தட்டிவிடும். அங்கே எஸ்டேட் பக்கம் விசாரித்த வீடுகளில் பலவற்றில் சமையலுக்கு அவர்கள் ஆளே இருக்கிறார், நம்மை அடுப்படிக்குள் விடுவதில்லை. சமைக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு அது சொர்க்கம்தான்.

ஏலகிரியில் நாங்கள் போகும் வீட்டில் சிலிண்டரும் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் இருக்கின்றன, பின்பக்கம் கல் கூட்டி விறகு வைக்கவும் இடம் உண்டு. அத்தனாவூர் கடைத்தெரு பக்கத்தில் இருப்பதால் தக்காளி தீர்ந்தால் பையனை அனுப்பலாம். ஏற்காட்டில் எங்களுக்குக் கிடைத்த வீடு ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது, கொத்தமல்லிக்கும் கார் எடுக்க வேண்டியிருந்தது. இது வீட்டைப் பொறுத்தது, ஏரிப் பக்கமே எடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

எந்த மலையானாலும் குக்கரைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏற்காட்டு உயரத்தில் 95 டிகிரி செல்சியஸ் அளவுதான். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று உட்கார்ந்திருந்தால் மதியச் சாப்பாடு சாயங்காலம் ஆகிவிடும்.

நான் சொல்வதெல்லாம் கோடைக்கும் பள்ளி விடுமுறைக்கும்தான். ஐப்பசி அடைமழையில் ஏலகிரியில் தங்கியதில்லை, அப்போது எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்குத் தூரக் கணக்கும் மாறும், அவர்களுக்கு ஏற்காடு இவ்வளவு தொலைவில்லை. கணவன் மனைவி இரண்டு பேர், ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வோம் என்றால் நானே ஏற்காட்டுக்குத்தான் அனுப்புவேன். வயதானவர்களும் பிள்ளைகளுமாக ஒரு வண்டி நிறையப் போகிறீர்கள் என்றால் ஏலகிரி, அதுவும் அடுப்படியை வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி, சிலிண்டரைக் கண்ணால் பார்த்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள்.