‘டைமிங் கிட் மாத்தியாச்சு’ என்று பில்; புதுசாக இருந்தது பெல்ட் மட்டும்தான்

டீசல் கார் வைத்திருக்கும் வட சென்னைக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரின் வண்டிக்கு நடந்தது இது. 1.5 லிட்டர், நாலு சிலிண்டர், எட்டு வால்வு டீசல். 92,000 கிலோமீட்டரில் ஒரு ஷெட்டில் டைமிங் பெல்ட் மாற்றினார் (பிஸ்டனை ஓட்டும் கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் பெல்ட் இது). ‘டைமிங் பெல்ட் கிட் 1, வாட்டர் பம்ப் 1, லேபர்’ என்று எழுதி 16,500 ரூபாய் வாங்கினார்கள். 1,09,000-ல் மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது வண்டி சட்டென்று அணைந்துவிட்டது. பெல்ட் அறுந்திருந்தது. நடுவில் ஓடியது வெறும் 17,000 கிலோமீட்டர்.

தெரிந்த இடம் என்று அதே ஷெட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) தொடாமலே வேறொரு பெல்ட்டை மாட்டி, பெயிண்ட் மார்க்கை வைத்துக் கண்ணளவில் டைமிங் பிடித்து, செல்ஃப் அடித்துப் பார்த்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே தீர்ப்பு: “கம்ப்ரஷனே வரல சார். எஞ்சின் போச்சு. ஹெட்ட கழட்டுறதே வேஸ்ட். செகண்ட் ஹேண்ட் எஞ்சின் ஒண்ணு கைல இருக்கு, ஒண்ணு முப்பத்தஞ்சுல முடிச்சுக் குடுத்துடறேன்.” அந்த 1,35,000-ஐக் கேட்டவர்கள் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். அது பின்னால் நல்லதாகப் போயிற்று.

வண்டி வேறு இடத்துக்குப் போய் ஹெட் இறங்கியது. எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தது. பிஸ்டன் தலைகளில் பிறை மாதிரி தடம், அவ்வளவுதான், விரிசல் இல்லை. சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடும் உட்சுவர்) சுத்தம், கனெக்டிங் ராடு நேராக இருந்தது. வால்வு, லேத் வேலை, கேஸ்கெட், ஹெட் போல்ட், முழு டைமிங் கிட் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாயில் வண்டி ஓடியது.

டைமிங் கவரைத் திறந்தபோது தெரிந்ததுதான் முக்கியம். அறுந்த பெல்ட்டின் முதுகில் கம்பெனி எழுத்து பளிச்சென்று இருந்தது. புது பெல்ட்தான், சந்தேகமில்லை. ஆனால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) பழையது. அதன் முகத்தில் பொறித்திருந்த ஆண்டும், வண்டி தயாரான ஆண்டும் ஒன்று. பேரிங் இறுகி, கையால் சுற்றினால் நகரவே இல்லை. பெல்ட் உருள வேண்டிய இடத்தில் உராய்ந்து உராய்ந்து டென்ஷனரின் பிளாஸ்டிக் உருளை ஒரு பக்கம் உருகியிருந்தது. வாட்டர் பம்ப்பும் பழையதுதான். அதன் கேஸ்கெட்டைச் சுற்றி வருஷக்கணக்கில் படிந்த கூலண்ட் உப்பு அப்படியே இருந்தது. கிட் என்று காசு வாங்கி, உள்ளே பெல்ட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கிட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் இந்த ஏமாற்று நடக்காது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) இருந்தால் அதுவும், இவற்றுக்கான போல்ட்டுகள். வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் எஞ்சின்களில் பம்ப்பும் சேர்த்து. பெல்ட் ரப்பருக்குள் இருப்பது கண்ணாடி இழைக் கயிறுகள். இழுவிசையை நன்றாகவே தாங்கும். ஆனால் கூடவே சுற்றும் ஒரு பேரிங் இறுகினால் எந்தக் கம்பெனி பெல்ட்டும் நிற்காது. லேபர் முழுவதும் கவர், புல்லி, எஞ்சின் மவுண்ட் கழற்றுவதிலேயே போகிறது. ஆகவே உள்ளே போனபின் டென்ஷனரை விட்டுவைப்பதில் வண்டிக்காரருக்கு எந்த லாபமும் இல்லை. லாபம் ஷெட்டுக்கு மட்டும்.

இன்னொரு திருட்டும் நடக்கிறது. பில்லில் வெறுமனே ‘பெல்ட் மாற்றியது’ என்று எழுதுவார்கள். மாறியிருப்பது வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் ஓட்டும் ஃபேன் பெல்ட். அது பானெட்டைத் திறந்தாலே தெரியும். நீளவாக்கில் கோடுகள் ஓடும். டைமிங் பெல்ட்டுக்கு உள்பக்கம் குறுக்கே பல் இருக்கும், கவருக்குள் மறைந்திருக்கும். இரண்டையும் குழப்பிப் பேசும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். அது சாட்சி. குறுக்கே கத்தியால் வெட்டியது போல நேராக அறுந்திருந்தால், மாட்டும்போது மடக்கி உள்ளே கயிறு ஒடிந்திருக்கலாம், அல்லது வெளிப்பொருள் ஏதாவது நடுவில் போயிருக்கலாம். கயிறு முழுசாக இருந்து ஓரிடத்தில் மட்டும் பல் வழித்துப் போயிருந்தால், பம்ப்போ கேமோ பேரிங்கோ இறுகியிருக்கிறது. ஓரம் தேய்ந்து நார் நாராகத் தொங்கினால் டென்ஷனர் அல்லது ஐட்லர் கோணலாக நிற்கிறது. ரப்பர் ஊதி மெத்தென்று இருந்தால் கிராங்க் சீலோ கேம் சீலோ கசிந்து ஆயில் பட்டிருக்கிறது. சீலை மாற்றாமல் அடுத்த பெல்ட் போட்டால் அதுவும் அப்படியே போகும். ஃபேன் பெல்ட் நைந்து அதன் நூல் கிராங்க் புல்லியின் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டைத் தூக்கிவிடுவதும் உண்டு. அப்போது கவருக்குள் கறுப்பு நூல் சுருண்டு கிடக்கும்.

நம்ம பக்கத்து நிலைமைக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் பத்தாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றால், 800 ஆர்.பி.எம்.மில் கிராங்க் 48,000 முறை சுற்றிவிடும். மீட்டரில் இரண்டு கிலோமீட்டர்கூட ஏறாது. அதே எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.மில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,20,000 சுற்று. அதாவது பெல்ட்டைப் பொறுத்தவரை அந்த ஒரு மணி நேர நெரிசல் 24 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். வண்டிக் கையேட்டில் கிலோமீட்டரோடு வருஷக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முந்துகிறதோ அதில் மாற்ற வேண்டும். திருவொற்றியூர், மணலி, துறைமுகம் என்று தினம் போகிறவர்கள் கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டிக்கு மேல் கவரைக் கழற்றிச் சேறு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்ற வண்டியில் இன்னும் அதே பெல்ட் ஓடுகிறது என்றால், கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றுங்கள். எண்ணெய் பட்ட ரப்பரை நம்ப முடியாது.

சரி, ரோட்டில் அறுந்துவிட்டது. என்ன செய்வது? எஞ்சின் முன்னறிவிப்பில்லாமல் அணையும். ஒரு தடவை செல்ஃப் அடித்தாலே சத்தம் காட்டிக் கொடுக்கும்: வழக்கமான தட்டுத்தடங்கல் இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றும். அதோடு சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவை அடிக்காதீர்கள், கியரில் போட்டுத் தள்ளாதீர்கள். கேம் நின்றுவிட்டது, திறந்த வால்வு திறந்தபடியே கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. கிராங்க் சுற்றச் சுற்ற பிஸ்டன் வந்து அதில் இடிக்கும். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, தப்பிக்க வழியே கிடையாது. சில பெட்ரோல் எஞ்சின்களில் இடிக்காத அமைப்பு உண்டு. நம்ம வண்டி அந்த வகையா என்று தெரியும்வரை இடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் முதல் வேலை புது பெல்ட் மாட்டிப் பார்ப்பது அல்ல. அப்படி ‘ட்ரை’ பண்ணுவதை இந்தப் பதிவின் முதல் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் இரண்டு பல் தவறினால் தப்பிய வால்வும் வளையும். முன்னால் வளைந்தது எது, இப்போது வளைத்தது எது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முறையாகச் செய்பவர் கிராங்க்கை டாப்பிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) 90 டிகிரி திருப்பி எல்லா பிஸ்டனையும் பாதி வழியில் நிறுத்துவார். அப்போது கேமைத் தனியாகச் சுற்றினாலும் எதுவும் இடிக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் வால்வு மூடும் நிலையில் கேமை வைத்து, கிராங்க் நகராமல் பிடித்து, இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் துளை வழியே காற்று கொடுப்பார். இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ஹெட் இறக்குவதற்கு முன்பே பாதிக் கதை தெரிந்துவிடும். ‘கம்ப்ரஷன் இல்லை’ என்பது வால்வு வளைந்ததற்கான அடையாளம்தான். எஞ்சின் செத்ததற்கு அது சாட்சி ஆகாது.

ஹெட் இறங்கியதும் நீங்கள் நேரில் போய் நில்லுங்கள். ஹெட்டின் போர்ட் (காற்றும் புகையும் போய்வரும் வழி) மேலே பார்க்கும்படி நிறுத்தி, அதில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வால்வு முகத்தைச் சுற்றிக் கசிந்தால் அந்த வால்வு சீட்டில் உட்காரவில்லை. கழற்றிய வால்வைத் தட்டைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு கண்ணுக்கே தெரியும். கைடையும் (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) பார்க்க வேண்டும். வால்வு வளையும்போது கைடு வெடிப்பதுண்டு. கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்பதற்கு டயல் கேஜ் போதும்: ஒவ்வொரு பிஸ்டனும் டாப்பில் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து நாலையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடுதான். பிஸ்டனில் விரிசல், ராடு வளைவு, போரில் ஆழமான கீறல், இவற்றில் ஒன்றைக் கண்ணால் காட்டினால் எஞ்சின் பேச்சுக்கு வரலாம். காட்டாதவரை ‘எஞ்சின் போச்சு’ வெறும் வியாபாரம். இன்னொன்று, எஞ்சின் மாறினால் எஞ்சின் நம்பரும் மாறும். ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். காகிதமில்லாத எஞ்சினைப் போட்டுக்கொண்டால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் வண்டி விற்கும்போதும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

லேத்தில் நடப்பது: வால்வு உட்காரும் சீட்டை வெட்டிச் சீராக்குவது, கைடு வேலை, வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங். ஹெட் தளம் பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. ‘ஒரு கட்டு ஃபேஸிங் அடிச்சுடலாம்’ என்பார்கள், அதாவது தளத்தைச் சீவிச் சமன் செய்வது. சில டீசல் ஹெட்களில் தயாரிப்பாளரே அதை அனுமதிப்பதில்லை. பல டீசல்களில் ஹெட் கேஸ்கெட் இரண்டு மூன்று கனத்தில் வரும், ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டுக் குறிதான் அடையாளம். பழையதில் எத்தனை குறியோ அத்தனை குறி புதியதிலும் இருக்க வேண்டும். ஹெட் போல்ட் பெரும்பாலும் இழுபட்டு நிற்கும் வகை, மறுபடி பயன்படுத்தக் கூடாது. டார்க் ரென்ச்சோடு டிகிரி கணக்கும் வைத்து முறுக்க வேண்டும்.

பெல்ட் ஏற்றும்போது லாக் பின் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராங்க்கை நகராமல் பூட்ட ஒன்று, கேமைப் பூட்ட ஒன்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. டென்ஷனர் முள் குறிக்கு நேராக வந்ததும் பின்களை எடுத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே முழுசாக இரண்டு சுற்று. அப்போது கேம் ஒரு சுற்று முடித்திருக்கும். பின் இரண்டும் மறுபடி தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி. அந்த இரண்டு சுற்று முடியாமல் செல்ஃப் அடிக்க விடவே கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் பழைய பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் எல்லாவற்றையும் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். புதிய பாகங்களின் டப்பாவையும் கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக, பார்ட் நம்பரோடு, கிலோமீட்டரோடு எழுதியிருக்க வேண்டும். ‘கிட் 1’ போதாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், இரண்டாவது ஷெட்டில் பிரிக்கும் முன் மீட்டர் தெரியும்படியும் கவர் திறந்தபடியும் போட்டோ எடுங்கள். முதல் ஷெட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். இரண்டாவது மெக்கானிக்கிடம் கண்டதை எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

தண்டையார்பேட்டை வண்டியின் இறுகிய டென்ஷனரும் அறுந்த பெல்ட்டும் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. 16,500 ரூபாய் பில்லும், 1,35,000 என்று கைப்பட எழுதிய தாளும் அதே டப்பாவில்.