சாக்ஸோடு ஆறு வருடம்: அதே எம்பி3, அதே வரி

போன வாரம் லேப்டாப் ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. ஹார்ட் டிஸ்க் புதுசு, உபுண்டு இயங்குதளமும் புதுசு. சாக்ஸ் (SoX) என்ற ஒலிக்கோப்பு மாற்றும் நிரலை ஓட்டும் பழைய ஸ்கிரிப்டை எடுத்துப் போட்டு, களப்பதிவு எம்பி3 கோப்புகள் 1,400 சொச்சத்தையும் பேச்சு ஆய்வில் புழங்கும் ஸ்ஃபியர் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்ற விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஃபோல்டர் காலி. திரை முழுக்க ஒரே புலம்பல்: எம்பி3 என்ற நீட்டிப்பைக் கையாள என்னிடம் ஆளில்லை. ஆறு வருடத்தில் இது என் நான்காவது கணினி, நான்காவது தடவையாக அதே வரியில் போய் முட்டிக்கொள்கிறேன்.

உபுண்டுவில் சாக்ஸ் நிறுவினால் எம்பி3 படிக்கும் பகுதி கூடவே வராது, தனிப் பொதியாகக் கேட்டு வாங்க வேண்டும். எம்பி3 உரிமம் கொடுப்பதையே 2017இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் அது இன்னும் தனிக்குடித்தனம்தான். தப்பு பாதி என்மேல், அதை நிறுவும் ஒரு வரியை ஸ்கிரிப்டின் தலையில் எழுதி வைத்திருந்தால் தீர்ந்தது. எழுதவில்லை.

சரி, திட்டியாயிற்று. இதே சாக்ஸ் வேறொரு விஷயத்தில் கெட்டி. டிமிட் என்ற ஆங்கிலப் பேச்சுப் பதிவுத் தொகுப்பைத் தொட்டவர்களுக்குத் தெரியும், கோப்பின் பெயர் வேவ் என்று முடியும், உள்ளே இருப்பது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் இதே ஸ்ஃபியர். சாக்ஸ் பெயரை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்துச் சரியாகத் திறந்துவிடும். எழுதுவதும் அவ்வளவு சுலபம், வெளியீட்டுப் பெயரை எஸ்பிஎச் என்று முடித்தால் போதும். அப்புறம் ஸ்ஃபியர் கோப்பின் தொடக்கத்தில் வரும் அந்தத் தலைப்பு இருக்கிறதே, 1024 பைட், எல்லாம் வெறும் எழுத்து. எத்தனை சேனல், எத்தனை சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி), நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற வேகம் என்ன என்று டெர்மினலிலேயே வாசித்துவிடலாம். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம், ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு குறை, ஷார்ட்டன் முறையில் சுருக்கிய ஸ்ஃபியர் கோப்பைக் கொடுத்தால் கைவிரித்துவிடும், அதற்கு எஸ்பிஎச்2பைப் என்ற தனி நிரல்தான் கதி.

எம்பி3இல் இன்னொரு வில்லங்கம். ஒலியை எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் முன்னால் 576 சாம்பிளைச் சேர்க்கும், அதைத் திரும்ப ஒலியாக்கும் டிகோடர் பங்கு 529, ஆக 1,105. நொடிக்கு 44,100 என்ற வேகத்தில் இது 25 மில்லி விநாடி. சில கருவிகள் இதை வெட்டிவிடும், சில அப்படியே விட்டுவிடும். பிராட் என்ற பேச்சொலி அலசும் மென்பொருளில் எம்பி3ஐ வைத்து ஒலிகளின் எல்லை குறித்துவிட்டு, வேறொரு கருவியில் மாற்றிய கோப்பின்மேல் அந்தக் குறிப்புகளை ஏற்றினால் எல்லாம் தள்ளி உட்காரலாம். ககரம் வெடித்த பிறகு குரல் எப்போது தொடங்குகிறது என்று அளப்பவருக்கு 25 மில்லி விநாடி சின்ன விஷயமா? முதலில் மாற்றிவிட்டு அப்புறம் குறியுங்கள். நான் ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்த பிறகுதான் இது உறைத்தது.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர், எதை வைத்து மாற்றலாம் என்று கேட்டார். எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மாற்றும் நிரலைப் போடுங்கள், சாக்ஸ் பக்கமே போகாதீர்கள் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது சரிதான், 16,000 வேகத்தில் ஒற்றைச் சேனல் வேவ் கொடுத்தாலே கால்டி என்ற பேச்சுணர் மென்பொருளுக்கும் பிராட்டுக்கும் போதும். ஆனால் எஃப்எஃப்எம்பெக் ஸ்ஃபியரைப் படிக்கும், எழுதாது. எங்கள் பழைய ஸ்கிரிப்டுகளோ ஸ்ஃபியரைத் தவிர எதையும் வாயில் வைக்காது.

ஃபோல்டர் காலியாகக் கிடந்த அன்று ராத்திரியே அந்த எம்பி3 பொதியை நிறுவிவிட்டு மறுபடி சாக்ஸையே ஓட விட்டேன். காலையில் எல்லாக் கோப்பும் இருந்தது. 31 கோப்புகளுக்கு மட்டும் ஒலி உச்சம் வெட்டுப்பட்டதாக எச்சரிக்கை, ஒலி அளவைக் குறைக்கலாமே என்று கேள்வி வேறு. பெரிய ஜி (-G) ஒன்றைக் கட்டளையில் சேர்த்திருந்தால், உச்சம் வெட்டுப்படாமல் அதுவே பார்த்துக்கொண்டிருக்கும். அதையும் எழுதி வைக்கவில்லை.