கொரிய மொழிச் சரளத் தேர்வு: மதிப்பெண் போடுவது மனிதரா, கணினியா?

ஒரு நிமிடத்தில் தெரிந்த விலங்குகளையெல்லாம் சொல்ல வேண்டும். அடுத்து கியோக், இயுங், சியோத் என்ற கொரிய எழுத்துகளில் தொடங்கும் சொற்கள். மறதிநோயைக் கண்டறியக் கொரிய முதியவர்களுக்கு வைக்கும் தேர்வு இது.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் உளவியலாளரின் பேனாவே போதும். ஆனால் கேட்டபடியே எழுதுகிறவருக்கு எந்தச் சொல்லுக்கு முன் முதியவர் எவ்வளவு நேரம் தடுமாறினார் என்பது நழுவிவிடும். ஒலிப்பதிவிலிருந்து கணினி அதைத் துல்லியமாக அளந்துவிடும். முதியவர் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு, பண்ணை விலங்குகளிலிருந்து கடல் விலங்குகளுக்கு என்பதுபோல, தாவிய இடத்தைக் குறிப்பதிலும் மனிதருக்கு மனிதர் கருத்து மாறும். ஒரே விதியை வைத்துக்கொண்ட நிரல் மாறாது. மாறாததெல்லாம் சரி என்று அர்த்தமில்லைதான்.

கணினி சறுக்குவது அதற்கு முந்தைய படியில், பேச்சை எழுத்தாக்கும்போது. கொரிய மொழியில் ககரச் சாயலில் மட்டும் மூன்று தனித்தனி மெய்கள் உண்டு. வாக்கியமாகப் பேசினால் அக்கம்பக்கச் சொற்கள் கைகொடுக்கும். இங்கே வருவது ஒற்றைச் சொற்கள், அதுவும் முதியவர் குரலில், கியோங்சாங் அல்லது ஜேஜு வட்டார வழக்கில். 'ஹோராங்கி', 'பொம்' இரண்டுமே புலிதான். வெறும் எழுத்தை ஒப்பிடும் நிரல் இரண்டு மதிப்பெண் போட்டுவிடும், மனிதர் ஏமாறமாட்டார்.

நோயாளியின் முடிவு இதில் தொங்கும்போது, எழுத்தாக்கத்தை மனிதர் திருத்திய பிறகே கணக்கைக் கணினியிடம் விடுவேன். ஆயிரக்கணக்கான பழைய ஒலிப்பதிவுகளை அலசும் ஆய்வென்றால், மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் கையால் சரிபார்த்தால் போதும்.