வெல்வெட், உலோகம், வெறும் காகிதம்: பல வருட விசிட்டிங் கார்டு அனுபவம்

அறைகளுக்கு ஒலித்தடுப்பு செய்து கொடுப்பது என் தொழில். வேலை பெரும்பாலும் அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது என்பதால் விசிட்டிங் கார்டு இல்லாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. பளபளப்பு லேமினேஷன், வெல்வெட் போல மென்மையான லேமினேஷன், போனில் தொட்டால் விவரத்தை அனுப்பும் என்எஃப்சி சில்லு வைத்த உலோகக் கார்டு என்று எல்லாவற்றோடும் பழகிவிட்டு, இப்போது லேமினேஷனே இல்லாத கார்டில் வந்து நிற்கிறேன்.

வெல்வெட் கார்டைத் தொட்டதும் எல்லாரும் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியதும், எதிரில் இருப்பவர் கார்டைத் திருப்பிப் பேனாவை எடுப்பார். அங்கேதான் சிக்கல். பால்பாயிண்ட் வழுக்கும், ஜெல் பேனா ஈஷும். லேமினேஷன் இல்லாத 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) காகிதத்தில் "மாடி அறை, எதிரொலி, திங்கள் பேசணும்" என்று அவரே எழுதிக்கொள்கிறார். தன் கையெழுத்து இருக்கும் கார்டை யாரும் சுலபத்தில் தூக்கிப் போடுவதில்லை. பல மாதம் கழித்து அழைக்கிறவர்கள் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். குறையும் உண்டு: ஓரங்கள் சீக்கிரம் அழுக்காகும், காகிதம் மையை உறிஞ்சுவதால் அடர்ந்த நிறங்கள் மங்கலாகத் தெரியும். அதனால் பின்பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

வித்தியாசமான வடிவங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வங்கி அட்டையின் அளவு 85.6-க்கு 53.98 மில்லிமீட்டர், பர்ஸ் அறைகளெல்லாம் அதை வைத்துத் தைக்கப்படுபவை. சதுரக் கார்டு கொடுக்கும்போது "அட!" என்பார்கள், ஆனால் பர்ஸுக்குள் போகாமல் மேசையிலேயே கிடந்து, மேசையைச் சுத்தம் செய்யும் நாளில் குப்பைக்குப் போய்விடும். 85-க்கு 55 போதும். தாள்களை ஒட்டிச் செய்யும் 600 ஜிஎஸ்எம் கார்டு கம்பீரமானதுதான். ஆனால் நாலைந்துக்கு மேல் வைத்தால் சட்டைப் பை பிதுங்குகிறது.

என்எஃப்சி கார்டு முதல் சில மாதங்கள் வேடிக்கையாக இருந்தது. இவற்றில் பரவலாக இருக்கும் என்டேக்213 சில்லில் 144 பைட்டுகள்தான் இடம். ஒரு இணைய முகவரி தாராளமாக அடங்கும், முழுத் தொடர்பு விவரம் அடங்குவது கடினம். ஐபோனில் மேல்விளிம்பில் காட்ட வேண்டும், பல ஆண்ட்ராய்டு போன்களில் முதுகின் நடுவில். அந்த இடத்தைத் தேடி இரண்டு பேரும் கார்டை உரசிக்கொண்டிருப்போம். தொட்டு முடிந்ததும் கார்டு என் பைக்கே திரும்பிவிடும். அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. காகிதமே வாங்காதவர்களுக்காக அதில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

க்யூஆர் கோடு வேண்டும். அதில் முழு விவரத்தையும் திணித்தால் கட்டங்கள் பொடியாகிவிடும். சின்ன இணைய முகவரி ஒன்று போதும். பிழைதிருத்தம் நடுத்தர அளவில், அதாவது சுமார் 15 சதவீதம் சேதத்தைத் தாங்கும் எம் நிலையில் வைத்திருக்கிறேன். 30 சதவீதம் தாங்கும் ஹெச் நிலைக்குப் போனால் கோடு மறுபடி நெருக்கமாகிவிடும். ஃபாயிலில், அதாவது மினுங்கும் உலோகப் பூச்சில், அச்சிடாதீர்கள், வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் போன் திணறும். முகவரி உங்கள் சொந்த டொமைனில் இருப்பது முக்கியம். சந்தா வாங்கும் இடைச்சேவை வழியாகப் போனால், சந்தா நின்ற அன்றே அச்சடித்த கார்டெல்லாம் செத்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது ஒரே ஒரு வரி. முன்பு பெயருக்குக் கீழே "அக்கூஸ்டிக் கன்சல்டன்ட்" என்றிருந்தது. மைக் செட் வாடகைக்கு விடுகிறேன் என்று நினைத்தவர்களே அதிகம். இப்போது "பக்கத்து அறைச் சத்தத்தைப் பக்கத்து அறையிலேயே நிறுத்துகிறேன்" என்று இருக்கிறது. (முழுதாக நிற்காது, குறையும் என்பதே சரி என்று பொறியாளர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். நிற்கட்டும், அதுவும் பேச்சுதானே.) வாங்கியவர்கள் அதை வாய்விட்டுப் படிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், உடனே தங்கள் வீட்டுத் தொல்லையைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். என் பெயரை மறந்தவர்கள்கூட "சத்தத்தை நிறுத்துறவர்தானே?" என்று போனில் கேட்கிறார்கள்.

அடுத்த அச்சில் அலுவலக முகவரியை எடுத்துவிடப் போகிறேன். அதைப் பார்த்து யாரும் நேரில் வந்ததில்லை. அந்த இடத்தில் போன் எண்ணை 8 பாயிண்டிலிருந்து 11 ஆக்கினால், கார்டைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.