ஒண்டாரியோ ஐஸுக்கு எந்தப் பலகை, எந்தப் பைண்டிங்?

டிசம்பர் பாதியில் ஒண்டாரியோவின் சறுக்கு மலையான ப்ளூ மவுண்டன் திறந்துவிடும். அதற்குள் புது ஸ்னோபோர்டும் (பனிச்சறுக்குப் பலகை), பூட்ஸை அதில் பிணைத்து வைக்கும், அதற்கேற்ற பைண்டிங்கும் வாங்கியாக வேண்டும் என்று செப்டம்பரிலிருந்தே கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் மூன்று பலகை, மூன்று பைண்டிங் என்று சுருங்கியது. உங்களில் சிலருக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

பலகைக்கு முன்னால் மலையைச் சொல்லிவிட வேண்டும். ப்ளூ மவுண்டன் டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். நயாகரா எஸ்கார்ப்மென்ட் என்ற நீண்ட பாறைச் சரிவின் மேல் இருக்கிறது. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 220 மீட்டர்தான். கனடாவின் மேற்கே இருக்கும் விஸ்லரில் இது 1,600 மீட்டர். விழுகிற பனியோடு இயந்திரம் தூவிய பனியும் கலந்திருக்கும். ஜனவரியில் ஒரு மழை பெய்து அன்று இரவே குளிர் இறங்கினால், மறுநாள் காலை சரிவு சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கும்.

மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் நமக்குப் பனிதான், இமயத்தில் கிடப்பதும் பனிதான். சறுக்குகிறவருக்கு அந்த ஒரு சொல் போதாது. பொடிப்பனிக்கு ஏற்ற பலகை வேறு, ஐஸுக்கு ஏற்ற பலகை வேறு. கடையில் மாட்டியிருக்கும் படங்களில் எல்லாம் இடுப்பளவு பொடிப்பனி. நான் வருடத்தில் இருபது, இருபத்தைந்து நாள் நிற்பது ஐஸின் மேல். மேற்கே போய்ப் பொடிப்பனியைத் தொடுவது அதிகம் போனால் ஐந்து நாள். இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் பலகை பர்ட்டன் கஸ்டம், கேம்பர் வகை. 1990களின் நடுவிலிருந்து வருகிற பெயர். கேம்பர் என்றால், தரையில் வைத்தால் பலகையின் நடுப்பகுதி வில் மாதிரி மேலே வளைந்து நிற்கும். ஏறி நின்றதும் அந்த வில் அமுங்கி, உங்கள் எடையை இரண்டு நுனி வரைக்கும் விளிம்பில் பரப்பிவிடும். ஐஸில் பிடிப்பது இந்த அழுத்தம்தான். அதற்கு ஒரு விலையும் உண்டு. அசந்து பலகையைத் தட்டையாக விட்டால் கீழ்ப்பக்க விளிம்பு சட்டென்று தரையைக் கவ்வி ஆளைத் தூக்கி அடித்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். திருப்பங்களை இணைத்து ஓட்டத் தெரிந்தவருக்கு இதுபோல நம்பிக்கை தருகிற பலகை குறைவு.

இரண்டாவது லிப் டெக் டி.ரைஸ் ப்ரோ. இதன் வடிவம் கலவை: கால்களுக்கு நடுவே ராக்கர், அதாவது தோணியின் அடி போலக் கீழ்நோக்கிய வளைவு, காலடியிலிருந்து நுனிகள் பக்கமாகக் கேம்பர். ராக்கர் பலகையை எளிதாகத் திரும்ப வைக்கும், பொடிப்பனியில் மிதக்க வைக்கும். ஆனால் ஐஸில் பிடிப்பைக் குறைக்கும். அதை ஈடுகட்டத்தான் மேக்னிட்ராக்‌ஷன் என்ற அலை அலையான விளிம்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஏழு முனைகள். நெல் அறுக்கும் கருக்கரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான கத்தி வழுக்குகிற இடத்தில் கருக்கு பிடித்துவிடும் இல்லையா, அதே வேலைதான். உண்மையிலேயே வேலை செய்கிறது. நண்பருடையதை வாங்கி ஒரு மாலை ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போய் நீண்ட திருப்பம் எடுக்கும்போது மட்டும், இரண்டு காலுக்கும் நடுவே ஏதோ தளர்ந்தது போல இருந்தது. அந்த உணர்வு எனக்கு ஒத்துவரவில்லை. சிலருக்கு அதுவேதான் பிடிக்கிறது.

மூன்றாவது ஜோன்ஸ் மவுண்டன் ட்வின். ஸ்னோபோர்டு வீரர் ஜெரமி ஜோன்ஸ் தொடங்கிய நிறுவனம். இதில் முறை தலைகீழ்: நடுவில் கேம்பர், இரண்டு நுனியிலும் ராக்கர். ஐஸில் கஸ்டம் அளவுக்குக் கவ்வாது, பொடிப்பனியில் அதைவிட நன்றாக மிதக்கும், தவறை மன்னிக்கும். மூன்றில் ஒன்றை யாருக்கென்றே தெரியாமல் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் கை காட்டுவேன். வருடத்தில் பாதி நாள் கியூபெக்கிலோ விஸ்லரிலோ கழிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நீளம், அகலம் பற்றிச் சுருக்கமாக. நீளத்தை உயரத்தை வைத்துப் பார்க்காதீர்கள், எடையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் நிறுவனமே எடை அட்டவணை தருகிறது. அகலம் பூட்ஸைப் பொறுத்தது. பாதத்தின் நீளம் 29 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வைடு வகையைக் கேளுங்கள். இல்லையென்றால் பலகையை நன்றாகச் சாய்க்கும்போது பூட்ஸின் முனை ஐஸில் உரசி, விளிம்பு விட்டுவிடும்.

அப்புறம் பைண்டிங். இங்கேதான் போன முறை தவறு செய்தேன். மென்மையான ராக்கர் பலகை ஒன்றைப் பழைய விலையில் வாங்கி, அதன் மேல் விறைப்பான பைண்டிங்கை மாட்டினேன். கால் அசைவு ஒவ்வொன்றும் பலகைக்குப் பெரிதாகப் போய்ச் சேர்ந்தது. லேசாகக் குதிகாலை அழுத்தினாலே முறுக்கிக்கொண்டு திரும்பும். பிப்ரவரியில் ஒரு ஐஸ் காலையில் அப்படி விழுந்து மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். பலகையும் பைண்டிங்கும் பூட்ஸும் ஒரே அளவு விறைப்பில் இருக்க வேண்டும் என்பதை அந்த மூன்று வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்று போட்டியாளர்கள் இவை. யூனியன் ஃபோர்ஸ், இரண்டு பட்டை இறுக்கும் வழக்கமான வகை. பர்ட்டன் ஸ்டெப் ஆன், 2017-இல் வந்தது, பட்டையே கிடையாது. பூட்ஸில் குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, முன்பாதத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் கவ்விக்கொள்ளும். நைடெக்கர் சூப்பர்மேட்டிக், பின்பக்கம் திறந்து காலை உள்ளே விட்டு மிதித்தால் மூடிக்கொள்ளும்.

220 மீட்டர் மலையில் பட்டை இறுக்குவது சின்ன விஷயமில்லை. இறங்க இரண்டு மூன்று நிமிடம், மறுபடி லிஃப்ட், மறுபடி உச்சியில் உட்கார்ந்து நனைந்த கையுறையோடு பட்டையை இழுப்பது. ஒரு மாலையில் பதினைந்து, இருபது தடவை. நீண்ட மலையில் ஒரு இறக்கத்துக்கு ஒரு தடவை என்றால் யாருக்கும் உறைக்காது. இங்கே முதுகு சொல்லும். அதனால் சின்ன மலைக்காரர்களுக்குத்தான் இந்த மிதித்து மாட்டும் வகைகள் அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

90களில் கேடூ (K2), ஷிமானோ என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து கிளிக்கர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தலைமுறை மிதித்து மாட்டும் பைண்டிங்குகளில் உள்ளங்கால் பக்கம் பனி அடைத்துக்கொள்ளும், கால் விறைத்து நிற்கும். அதனால் மெல்ல மறைந்துவிட்டன. ஸ்டெப் ஆனில் கவ்வுவது குதிகாலிலும் பக்கங்களிலும் என்பதால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் மிதிக்கும் முன் பூட்ஸின் அடியைத் தட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஸ்டெப் ஆனின் பெரிய நிபந்தனை, அதற்கென்று செய்த பூட்ஸே வேண்டும் என்பது. பர்ட்டன் தவிர வேறு சில நிறுவனங்களும் இப்போது செய்கின்றன. பட்டை இல்லாததால் காலைப் பிடித்து வைக்கும் முழு வேலையும் பூட்ஸின் தலையில். குதிகால் உள்ளே அரை சென்டிமீட்டர் தூக்கினாலும் எந்தப் பைண்டிங்கும் உங்களைக் காப்பாற்றாது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள். கையில் நல்ல பூட்ஸ் ஏற்கெனவே இருந்தால் சூப்பர்மேட்டிக் பக்கம் போகலாம். சாதாரண பூட்ஸே போதும். எடை கூடுதல், நகரும் பாகங்களும் அதிகம். ஃபோர்ஸின் பலம் எளிமை: பட்டை அறுந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், எங்கே எவ்வளவு இறுக்கம் என்பது முழுக்க உங்கள் கையில்.

ஒரு பொருத்தச் சிக்கலையும் கவனியுங்கள். பர்ட்டன் பலகைகளில் திருகு துளைகளுக்குப் பதிலாகச் சேனல் என்ற நீளக் காடி இருக்கும். மற்ற பெரும்பாலான பலகைகளில் துளை வரிசை. பர்ட்டன் பைண்டிங்கில் இஎஸ்டி என்று போட்டிருந்தால் சேனலில் மட்டுமே பொருந்தும். ரீஃப்ளெக்ஸ் என்றால் இரண்டிலும் பொருந்தும். அடுத்த பலகை எதுவாக இருக்கும் என்று இப்போதே தெரியாது. ஆகவே ரீஃப்ளெக்ஸ்தான் பாதுகாப்பு.

என் முடிவு: கஸ்டம் கேம்பர், ரீஃப்ளெக்ஸ் ஸ்டெப் ஆன். என் பழைய பூட்ஸ் நாலு சீசன் ஓடித் தளர்ந்துவிட்டதால் எப்படியும் பூட்ஸ் வாங்கும் வருடம் இது. பூட்ஸ் மட்டும் நன்றாக இருந்திருந்தால், அதே பலகையில் ஃபோர்ஸை மாட்டி மிச்சப் பணத்துக்கு விளிம்பு தீட்டும் கருவி வாங்கியிருப்பேன். ஐஸில் ஓட்டுகிறவர் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறையாவது விளிம்பைத் தீட்ட வேண்டும்.

முன்கால் 15 டிகிரி வெளிப்பக்கம், பின்கால் 6 டிகிரி எதிர்ப்பக்கம் என்று மாட்டி வைத்திருக்கிறேன். முதல் நாள் இரண்டு இறக்கம் முடிந்ததும் ஓரமாக நின்று எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்; ஸ்க்ரூடிரைவரை ஜாக்கெட் பையில் போட்டாயிற்று.