வெளிநாட்டில் படிக்கும்போது எங்கே தங்குவது: ஒரு குடும்பத்தோடா, விடுதியிலா?

செலவு, தூரம் எல்லாம் அப்புறம். போகிற நாட்டு மக்களைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் என் ஓட்டு குடும்பத்துக்குத்தான்.

விடுதியில் சுதந்திரம் அதிகம். நினைத்த நேரத்தில் வரலாம், போகலாம். நண்பர்களும் சீக்கிரம் கிடைப்பார்கள். ஆனால் அவர்களில் பலரும் உங்களைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். பேச்சு ஆங்கிலத்திலேயே ஓடிவிடும்.

வீட்டில் அப்படித் தப்பிக்க முடியாது. பாத்திரம் துடைத்துக்கொண்டே அந்த வீட்டுப் பாட்டி எதையோ கேட்பார், பாதி புரியாது. வகுப்பில் படித்த மொழி வேறு, சமையலறையில் புழங்கும் மொழி வேறு என்று அன்றைக்குத்தான் உறைக்கும். குழந்தையை எப்படி அதட்டுகிறார்கள், சண்டை போட்டால் யார் முதலில் இறங்கி வருகிறார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது. 1932-ல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தன் நாட்டு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய்த் தொடங்கிய பரிமாற்றத் திட்டமும், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தால்தான் மக்களைப் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையில் வளர்ந்ததுதான்.

அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். குளிக்கும் நேரம், துணி துவைக்கும் நாள், இரவு தாமதமானால் முன்பே சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டு வழக்கம் இருக்கும். சில வீடுகளில் அறையை வாடகைக்கு விடுவதோடு சரி, முகம் பார்ப்பதே அபூர்வம். அதனால் சேருமுன் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: இரவு உணவைச் சேர்ந்து சாப்பிடுவார்களா? ஒத்துவராவிட்டால் வேறு வீடு தருவார்களா?

தேர்வு நெருங்கும்போது மட்டும் விடுதி அறைதான் நிம்மதி. முதல் சில மாதம் குடும்பம், பிறகு விடுதி என்று பிரித்துக்கொள்கிறவர்களும் உண்டு.